இணைய வாசகர் வட்டத்தில் ஒருவருக்குப் 'போஷகர்' பட்டம் கொடுக்கலாமா? எப்படி முடிவெடுப்பது?

நீங்கள் எழுதியதிலிருந்து நான் விளங்கிக்கொண்டது: வட்ஸ்அப்பிலும் சூமிலும் நடக்கும் வட்டம், தொடக்கத்திலிருந்தே இருக்கிற ஒரு ஐயாவைப் போஷகராக்க, அதாவது வட்டத்தின் மதிப்புக்குரிய காப்பாளராக்க வேண்டும் என்று பாதிப் பேர், எதற்கு என்று மீதிப் பேர்.

கொழும்பு வெள்ளவத்தையில் சில சங்கங்களின் செயற்குழுவில் இருந்தவன் என்ற துணிச்சலில் சொல்கிறேன், ஐயா தகுதியானவரா என்பதை விட, பட்டம் கொடுத்த பிறகு குழுவில் என்ன நடக்கும் என்பதுதான் பெரிய கேள்வி. ஒரு சங்கத்தில் பார்த்தேன், போஷகர் என்று ஒருவர் வந்த பிறகு கணக்கறிக்கையைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும் "போஷகர் ஐயாவே பேசாமல் இருக்கிறார், உனக்கென்ன?" என்று அடக்கிவிடுவார்கள். அந்த மனுசன் பாவம், அவருக்கு இது தெரியவே தெரியாது. அதனால் பட்டத்தோடு வாக்கு உண்டா, அட்மின் அதிகாரம் உண்டா, எத்தனை வருடம், தேவைப்பட்டால் எப்படி எடுப்பது என்பதையெல்லாம் ஆளின் பெயரைப் பேசுவதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். பெயர் வந்த பிறகு எழுதினால் ஒவ்வொரு வரியும் அவருக்கு எதிராக எழுதியது போலத் தெரியும்.

சரி, தகுதி. அவர் இல்லாவிட்டால் எது நடந்திருக்காது என்று ஒரே வசனத்தில் எழுதிப் பாருங்கள். "நல்ல மனுசன், எல்லாருக்கும் உதவுவார்" போதாது. கிடைக்காத பழைய ஈழத்துப் புத்தகங்களைத் தேடி ஸ்கேன் பண்ணி அனுப்பினார், பாதியில் நின்றுபோன கூட்டத்தைத் திரும்பத் தொடங்கிவைத்தார், இப்படி ஏதாவது. 1849இல் திருவாவடுதுறை ஆதீனத்தார் ஆறுமுகம் பிள்ளைக்கு 'நாவலர்' பட்டம் கொடுத்தது அவருடைய பிரசங்கத்தை நேரில் கேட்ட பிறகுதான். காலை வணக்கப் படங்களை எண்ணிப் பட்டம் கொடுப்பதென்றால் எங்கள் குடும்பக் குழுவில் பெரியப்பாவுக்கு எப்போதோ கொடுத்திருக்க வேண்டும்.

குழுவிலேயே வாக்கெடுப்பு (poll) போடாதீர்கள். வட்ஸ்அப்பில் யார் எதற்கு வாக்களித்தார் என்று எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் 'வேண்டாம்' என்று அழுத்த மாட்டார்கள். அவரோடு முன்பு முரண்பட்ட ஓரிருவரிடமும், அண்மையில் சேர்ந்த சிலரிடமும் தனித்தனியாகக் கதையுங்கள். முரண்பட்டவரே "கோபம்தான், ஆனாலும் கொடுக்கலாம்" என்றால் அதற்கு மேல் ஆராயத் தேவையில்லை.

அவர் சூம் கட்டணத்தைக் கட்டுகிறார் என்பதுதான் காரணம் என்றால் நன்றிக் கடிதம் போதும். கொழும்பில் ஏற்கனவே ஒரு மண்டபத்தில் ஒரே மாலையில் வரிசையாக நிறுத்திப் பொன்னாடையும் 'தேசகீர்த்தி' பட்டமும் கொடுக்கிறார்கள், அந்த வரிசையில் உங்கள் வட்டமும் சேர வேண்டாம். எண்ணிக்கைக்கும் ஒரு எல்லை வையுங்கள். 1986இல் ஏற்படுத்தப்பட்ட, இலங்கையின் அதியுயர் தேசிய விருதான 'ஸ்ரீலங்காபிமான்ய'வைக்கூட ஒரே காலத்தில் உயிரோடிருக்கும் ஐந்து பேருக்கு மேல் வைத்திருக்க முடியாது, அது முழு நாட்டுக்கும்.

அப்புறம், ஐயாவிடம் யாராவது கேட்டீர்களா? கேள்வியில் அதைக் காணவில்லை. முதலில் ஒருவர் போன் எடுத்துக் கேளுங்கள், அவர் வேண்டாம் என்றால் இந்தச் சண்டையே தேவையில்லை.