புரண்டு படுத்தால் கூரை சுழல்கிறது

கேள்வி: புதுக்குடியிருப்பில் இருக்கிறோம். அம்மாவுக்கு 61 வயது. இரண்டு கிழமையாக வலப்பக்கம் புரண்டு படுத்தால் கூரை சுழல்கிறது என்கிறார், சத்தியும் வரப்பார்க்கிறது. அரை நிமிடத்தில் அடங்கிவிடும். பிறஷர் சரி. தலைச்சுற்றுக் குளிசை போட்டும் நிற்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: புரளும்போது மட்டும் வருகிறது, ஒரு நிமிடத்துக்குள் அடங்குகிறது, எப்போதும் ஒரே பக்கம். இந்த மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் கோளாறு உட்செவியில்தான்.

உட்செவியில் நத்தைச்சுருள் கேட்பதற்கு. சமநிலைக்கு, ஒன்றுக்கொன்று ஏறக்குறையச் செங்குத்தான மூன்று அரைவட்டக் கால்வாய்களும் இரண்டு சிறு பைகளும் உண்டு. கால்வாய்களுக்குள் திரவம். தலை திரும்பினால் அந்தத் திரவம் பின்தங்கி, கால்வாயின் வீங்கிய முனையிலுள்ள ஜெலி மடலைச் சாய்க்கும். மயிர்க்கலங்கள் மூளைக்குச் செய்தி அனுப்பும். பைகளிலோ, ஜெலிப் படலத்தின் மேல் கல்சியம் காபனேற்றுப் பளிங்குகள் பதிந்திருக்கும். புவியீர்ப்பை உணர உதவுபவை அவை. வயது போனாலோ தலையில் அடிபட்டாலோ இவை கழன்று கால்வாய்க்குள், அநேகமாகப் பின்புறக் கால்வாய்க்குள், போய்விடும். படுக்கும்போது உருண்டு திரவத்தை இழுக்கும். தலை அசையாமல் இருந்தும் காது சுற்றுவதாகச் சொல்ல, கண்ணும் கூடத் துடிக்கும். பளிங்கு அடியில் தங்கியதும் சுற்று நிற்கும்.

குளிசை அந்தப் பளிங்கை நகர்த்தாது. குமட்டலைத் தணிக்கும், அவ்வளவுதான். மாதக்கணக்கில் போட்டால் மூளை பழகிக்கொள்வதுதான் தாமதமாகும்.

செய்யவேண்டியது, தலையைப் படிப்படியாகத் திருப்பிப் பளிங்கைக் கால்வாயிலிருந்து வெளியேற்றும் எப்லி முறை. முதல்முறை வைத்தியரிடம் செய்வதே நல்லது. தலையைத் திருப்பிப் படுக்கவைத்துக் கண் துடிப்பைப் பார்த்து எந்தக் காது என்று அவர் உறுதிசெய்வார். பக்கம் பிழைத்தால் பலனில்லை. வலக்காது என்றால்: கட்டிலில் கால் நீட்டி இருத்தி, படுக்கும்போது தோளுக்குக் கீழே வரும்படி தலையணை வையுங்கள். தலையை வலப்பக்கம் 45 பாகை திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்கவையுங்கள். தலை சற்றுப் பின்னால் சாயவேண்டும். சுற்று நிற்கும்வரை, குறைந்தது 30 செக்கன். தலையைத் தூக்காமல் இடப்பக்கம் 90 பாகை திருப்பி, மீண்டும் 30 செக்கன். பிறகு உடம்போடு இடப்பக்கம் புரண்டு மூக்கு நிலத்தைப் பார்க்க, இன்னொரு 30. கடைசியில் காலை இடப்பக்கம் தொங்கவிட்டு, நாடியைத் தாழ்த்தியபடி எழுப்புங்கள்.

பலர் பிழைப்பது நடுவில்: சுற்றுக்குப் பயந்து தலையைத் தூக்கிவிடுவார்கள், பளிங்கு வந்த வழியே திரும்பிவிடும். இடையில் சுற்றினால் பயப்படவேண்டாம், பளிங்கு நகர்கிறது என்று அர்த்தம். ஒருதரத்தில் சரிவராவிட்டால் திரும்பச் செய்யலாம். சரியான பிறகும் சில நாள் தள்ளாட்டம் இருக்கும். அதுவரை கட்டில்லாத கிணற்றில் தனியே தண்ணி அள்ளவோ மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறவோ விடாதீர்கள். பின்னொரு காலம் திரும்பி வரவும் கூடும்.

கழுத்தெலும்புத் தேய்மானமோ விழித்திரைக் கோளாறோ இருந்தால், போர்க்காலத்தில் கழுத்தில் எறிகணைச் சிதறல் பட்டிருந்தால், வீட்டில் செய்யாதீர்கள். வைத்தியசாலையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். காது இரைச்சலோடு கேட்கும் திறனும் குறைந்தால் அது வேறு நோய், அதற்கும் அங்கேதான். பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, ஒருபக்கம் பலவீனம், நிற்கவே முடியாமை, திடீரென்ற கடும் தலையிடி: இவற்றில் ஒன்று வந்தாலும் எப்லியை விட்டுவிட்டு உடனே 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.