உருளும் பாறையும் நிற்கும் மரமும்: கேள்வி பதில்

கேள்வி: பீரோ அளவுள்ள பாறை உருண்டு வந்தால்கூட மரங்கள் நிறுத்திவிடும் என்கிறார்கள். நம்பும்படி இல்லையே, ஐயா?

பதில்: சந்தேகம் நியாயமானது. கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். ஒரு கன மீட்டர் பாறையின் எடை சுமார் 2,700 கிலோ. அது நொடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் இயக்க ஆற்றல் 540 கிலோஜூல். பிரான்சில் ஆல்ப்ஸ் மலைச்சரிவு ஒன்றில் நிஜப் பாறைகளை உருட்டிவிட்டு, மரங்கள் எவ்வளவு தாங்குகின்றன என்று ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே கிடைத்த சூத்திரத்தின்படி, மார்பளவு உயரத்தில் 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஃபிர் என்ற ஊசியிலை மரம் ஏறத்தாழ 100 கிலோஜூல் வரை வாங்கிக்கொள்ளும். 60 சென்டிமீட்டர் மரமோ 500 வரை வாங்கும். விட்டம் இரட்டித்தால் தாங்குதிறன் ஐந்து மடங்கு! அதுவும் நட்டநடுவில் மோதினால்தான். ஓரத்தில் உரசிப் போகும் பாறை கொஞ்சத்தைத்தான் இழக்கும்.

ஆகவே பீரோ அளவுப் பாறையை ஒற்றை மரம் நிறுத்துவது அபூர்வம். இந்த மரத்தில் கொஞ்சம், அடுத்த மரத்தில் கொஞ்சம் என்று வழிநெடுகச் சுங்கம் கட்டிக்கொண்டே வந்து அது களைத்துப்போகிறது. வேகம் பாதியானால் ஆற்றல் கால்பங்காகிவிடும்.

கேள்வி: மரம் வாங்கிக்கொள்ளும் ஆற்றல் எங்கே போகிறது?

பதில்: அடிமரம் வளைகிறது, மோதிய இடத்தில் மரநார் நசுங்குகிறது, வேர்த்தொகுதி மண்ணைக் கிழித்துக்கொண்டு அசைகிறது. சில நேரம் கீழே அடிபட்ட மரத்தின் உச்சி, சாட்டை சொடுக்கியதுபோல் மேலே முறிந்து விழும். முதன்முறை பார்ப்பவர்கள் உச்சியில் இடி விழுந்ததோ என்றுதான் நினைப்பார்கள்.

கேள்வி: எந்த மரம் சிறந்தது?

பதில்: பீச், ஓக், மேப்பிள் போன்ற அகன்ற இலை மரங்கள் பொதுவாக ஊசியிலை மரங்களைவிட நன்றாகத் தாங்கும். ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம் இந்த வரிசையில் பின்தங்கியது; காயம்பட்டால் எளிதில் அழுகலும் பிடித்துக்கொள்ளும். ஆனால் அந்த உயரத்திலும் குளிரிலும் தானாக வளரக்கூடிய மரம்தான் உங்கள் மரம். உயிரோடு நிற்காத ஓக்கைவிட நிற்கும் ஸ்புரூஸ் மேல்.

கேள்வி: நெருக்கமாக நட்டுவிட்டால் வேலை முடிந்ததா?

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். நெருக்கம் தேவைதான். மரமில்லாத சரிவில் சுமார் 40 மீட்டர் ஓடினாலே பாறை முழு வேகத்தை எட்டிவிடும். அதனால்தான் சரிவுவாக்கில் மரத்துக்கு மரம் இடைவெளி 20 மீட்டரைத் தாண்டக் கூடாது என்று சுவிட்சர்லாந்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் நெருக்கி நட்டால் தண்டுகள் ஒல்லியாகவே வளரும். சிறு கற்களுக்கு அவை போதும், பெரிய பாறைக்குத் தீக்குச்சி. கீழே வெளிச்சம் விழாததால் புதுக் கன்றும் முளைக்காது. பிறகு ஒருநாள் எல்லாம் சேர்ந்தே கிழடாகி, ஒரே புயலில் சாயும். தாத்தா, மகன், பேரன் மூவரும் ஒரே சரிவில் நிற்பதுபோல் பல வயது மரங்கள் கலந்திருக்க வேண்டும். முளைத்த கன்றை மான் மேய்ந்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் பொய்த்துவிடும். ஆல்ப்ஸ் காடுகளில் ஃபிர் கன்றுகளுக்கு இது தீராத தொல்லை.

கேள்வி: வேர்களே பாறையைப் பெயர்த்துத் தள்ளும் என்று படித்தேன். முரணாக இருக்கிறதே?

பதில்: முரண் இல்லை, இடம்தான் வேறு. பாறை புறப்படும் செங்குத்து முகட்டில், விரிசலுக்குள் நுழைந்த வேர் தடிக்கத் தடிக்க ஆப்பு அடித்ததுபோல் பிளக்கும். காற்றில் மரம் ஆடும்போது நெம்புகோலாகவும் வேலை செய்யும். அந்த விரிசலில் தேங்கிய நீர் உறைந்தால் கன அளவில் சுமார் 9 சதவீதம் விரிந்து, மிச்ச வேலையை முடித்துவிடும். அதனால் முகட்டில் ஆடிக்கொண்டிருக்கும் கனத்த மரங்களை அகற்றுவது வழக்கம். அதற்குக் கீழே, பாறை உருண்டோடும் பாதையில் நிற்கும் மரம் காவலாள்.

கேள்வி: அப்படியானால் பாதையில் நிற்கும் மரத்தைத் தொடவே கூடாதா?

பதில்: முன்னோர் அப்படித்தான் நினைத்தார்கள். சுவிட்சர்லாந்தின் ஆண்டர்மாட் கிராமம் தன் தலைக்கு மேலிருந்த காட்டில் கோடரி படக் கூடாது என்று 1397-ஆம் ஆண்டிலேயே தடை போட்டது. அங்கே முதல் அச்சம் பனிச்சரிவு. வெட்டித் தீர்க்கும் காலத்தில் அது நல்ல முடிவுதான். ஆனால் தொடாமலே விட்ட காடு மூப்படையும், இடையிடையே பெரிய வெளிகள் விழும். இன்று அளவாக வெட்டி வெளிச்சம் விடுகிறார்கள். வெட்டும்போது இடுப்பளவு அடிக்கட்டையை விட்டுவைத்து, விழுந்த மரத்தைச் சரிவுக்குக் குறுக்கே சற்றுச் சாய்வாகக் கிடத்துவது நல்ல பழக்கம். அது மட்கும்வரை தடுப்பாகக் கிடக்கும்.

கேள்வி: எஃகு வலை போட்டால் தொல்லை விட்டதல்லவா?

பதில்: பெரிய பாறைக்கு வலைதான். பல ஆயிரம் கிலோஜூல் தாங்கும் வலைகள் இருக்கின்றன. ஆனால் வலையில் விழுந்த கல்லை யாராவது எடுக்க வேண்டும், கிழிந்ததை மாற்ற வேண்டும். மேலே காடு இருந்தால் வலைக்கு வந்துசேரும் கற்கள் குறையும், தாவும் உயரமும் தணியும். இரண்டும் சேர்ந்திருப்பதையே நான் விரும்புவேன்.

கேள்வி: மலையே சரிந்தால்?

பதில்: காட்டால் ஒன்றும் ஆகாது. 2025 மே 28 அன்று சுவிட்சர்லாந்தின் பிளாட்டன் கிராமத்தைப் பனியும் பாறையும் சேர்ந்து மூடின. ஊரை முன்கூட்டியே காலி செய்திருந்ததுதான் மக்களைக் காத்தது.

கேள்வி: வீட்டுக்கு மேலுள்ள காட்டில் பாறை உருள்கிறதா என்று நானே பார்க்க முடியுமா?

பதில்: முடியும். மரங்களின் மேட்டுப்பக்கத்தைப் பாருங்கள். பட்டை உரிந்த தழும்புகள் இருந்தால், எவ்வளவு உயரத்தில் என்று குறித்துக்கொள்ளுங்கள். பாறை எந்த உயரத்தில் தாவி வந்தது என்பதை அது காட்டும். பச்சையான காயமா, விளிம்பிலிருந்து புதுத் திசு வளர்ந்து மூடிய பழைய காயமா என்றும் பாருங்கள். வளர்ச்சி வளையங்களை எண்ணத் தெரிந்தவர் அடிபட்ட ஆண்டையே சொல்லிவிடுவார். மழை பெய்துகொண்டிருக்கும்போதும், உறைபனி உருகும் காலையிலும் மட்டும் அங்கே போகாதீர்கள்.