நண்பர்கள் கூடிச் சிந்திக்கப் பழகுவது எப்படி? பேசும் முன் எழுதுங்கள்

கேள்வி: நாங்கள் ஐந்து நண்பர்கள். சரியாக யோசிக்கவும் முடிவெடுக்கவும் பழகலாம் என்று வாரம் ஒருமுறை கூடத் தொடங்கினோம். சிந்தனைப் பிழைகளைப் பற்றி ஏதாவது ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு வந்து பேசுவதாக ஏற்பாடு. இப்போது பாதிப் பேர் படிக்காமலே வருகிறார்கள். நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவரே முழு நேரத்தையும் எடுத்துக்கொள்கிறார். போன முறை இருவருக்குள் வாக்குவாதம் முற்றி மனக்கசப்பில் முடிந்தது. குழுவைக் கலைத்துவிடலாமா, வேறு மாதிரி நடத்திப் பார்க்கலாமா?

பதில்: கலைக்க வேண்டாம். ஆனால் அந்த வீட்டுப்பாடத்தை இன்றோடு நிறுத்திவிடுங்கள். சிந்தனைப் பிழைகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதால் அவை நம்மைவிட்டுப் போவதில்லை. அடுத்தவர் பேச்சில் அவற்றைக் கண்டுபிடிக்கும் சாமர்த்தியம் மட்டும்தான் கூடும். உங்கள் நண்பர்களின் சண்டையில் இதற்கும் ஒரு பங்கு இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். "நீ ஒருதலைப்பட்சமாக யோசிக்கிறாய்" என்று கேட்டவர் யாரும் உடனே தன்னைத் திருத்திக்கொண்டதாகத் தெரியவில்லை. பதிலடி கொடுக்கத்தான் ஆயத்தமாவார்.

கூட்டம் என்பது பயிற்சியாக இருக்கட்டும். விடை உள்ள ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அங்கேயே யோசித்து, அங்கேயே தவறி, எங்கே தவறினோம் என்று பார்ப்பதுதான் பயிற்சி. முன்தயாரிப்பு தேவைப்படாததால் படிக்காமல் வருபவர் என்ற பிரச்சினையே எழாது.

ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்: யாரும் வாயைத் திறக்கும் முன், ஒவ்வொருவரும் தன் விடையையும், அது சரியாக இருக்க நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று தான் நினைப்பதையும் ஒரு சீட்டில் எழுதி மடித்து வைக்க வேண்டும். எல்லோரும் எழுதிய பிறகே பிரிக்க வேண்டும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில் நடத்திய சோதனைகளைப் பாருங்கள். ஒரு கோட்டைக் காட்டி, அதே நீளத்தில் இருப்பது மற்ற மூன்று கோடுகளில் எது என்று கேட்டார். தனியாக விடை சொன்னவர்கள் அநேகமாகத் தவறவே இல்லை. ஆனால் உடன் அமர்ந்திருந்த மற்றவர்கள், முன்பே சொல்லிவைத்தபடி, ஒருமித்துத் தவறான கோட்டைச் சொன்னபோது, விடைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அவர்கள் பக்கம் சாய்ந்தது. கண்ணுக்கு நேரே தெரியும் கோட்டிலேயே இந்தக் கதி. தெளிவில்லாத ஒரு விஷயத்தில், அதுவும் பகைத்துக்கொள்ள விரும்பாத நண்பர்கள் நடுவில், கேட்கவே வேண்டாம். கூட இருப்பவர்களில் ஒரே ஒருவர் சரியானதைச் சொல்லிவிட்டால் போதும், அந்தச் சாய்வு வெகுவாகக் குறைந்துவிடும் என்பதும் அதே சோதனைகளில் தெரிந்தது. அந்த ஒருவரின் விடை கரைந்துபோகாமல் இருக்கத்தான் சீட்டு.

சீட்டுகளைப் பிரித்ததும், மற்றவர்களிடமிருந்து விலகிய விடையை எழுதியவர் முதலில் பேசட்டும். பேச்சாளர் நண்பரை அடக்கப் பார்க்காதீர்கள். அடுத்த கூட்டத்தை நடத்தும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். நடத்துபவர் கடைசிவரை தன் கருத்தைச் சொல்லக்கூடாது, நேரத்தைப் பார்த்துக்கொண்டு மற்றவர்களைக் கேட்க வேண்டும் என்பது விதி. பிறகு ஒவ்வொரு முறையும் ஆள் மாறட்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்டாசர், டைட்டஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1985இல் காட்டியபடி, குழுக்கள் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த தகவலையே திரும்பத் திரும்பப் பேசுகின்றன. ஒருவருக்கு மட்டும் தெரிந்தது பேச்சுக்கே வராமல் போய்விடுகிறது. அதனால் முதல் சுற்றில், "மற்றவர்களுக்குத் தெரியாமல் எனக்கு மட்டும் தெரிந்திருக்கக் கூடியது எது?" என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வாங்கிவிடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு புதிர் தருகிறேன். பீட்டர் வாசன் என்ற பிரிட்டன் உளவியலாளர் 1960களில் உருவாக்கியது. எழுத்துகளை மட்டும் தமிழுக்கு மாற்றியிருக்கிறேன். நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். உங்களுக்குத் தெரிவது: அ, க, 4, 7. "ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கும்" என்பது விதி. இந்த விதி சரியா என்று தெரிந்துகொள்ள எந்தெந்த அட்டைகளைத் திருப்பியே ஆக வேண்டும்?

பெரும்பாலோர் அ, 4 என்பார்கள். சரியான விடை அ, 7. 4இன் பின்னால் எந்த எழுத்து இருந்தாலும் விதி கெடாது. 7இன் பின்னால் உயிரெழுத்து இருந்தால் கெட்டது. நம் நம்பிக்கைக்கு ஒத்துப்போவதைத் தேடி ஓடுகிறோம், அதை உடைக்கக் கூடியதைத் திருப்பிப் பார்ப்பதில்லை என்பது இங்கே கையும் களவுமாகப் பிடிபடும். உங்கள் குழுவை நான் கலைக்க வேண்டாம் என்றதற்குக் காரணமும் இந்தப் புதிர்தான். மோஷ்மன், கைல் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், தனியாக முயன்றவர்களில் 9 சதவீதம் பேரே சரியாகச் சொன்னார்கள். ஐந்தாறு பேர் கொண்ட குழுக்களிலோ 75 சதவீதம் சரியான விடைக்கு வந்தன. காரணம் காட்டி வாதிட இடம் கொடுத்தால் குழு தனியாளைவிட நன்றாக யோசிக்கும். இடம் கொடுக்காவிட்டால் ஆஷின் கோடுகள்தான்.

வாசனின் 1960ஆம் ஆண்டுப் புதிர் ஒன்றும் விளையாட அருமையானது. ஒருவர் மனதில் ஒரு விதியை வைத்துக்கொண்டு, "2, 4, 6 என் விதிக்குப் பொருந்தும்" என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் மூன்று மூன்று எண்களாகச் சொல்லி, பொருந்துமா இல்லையா என்று கேட்டு விதியைக் கண்டுபிடிக்க வேண்டும். விதி வெறும் ஏறுவரிசைதான். ஆனால் 8, 10, 12 என்று கேட்டு "ஆம்" வாங்கியவுடன் கண்டுபிடித்துவிட்டதாகக் குதிப்பவர்களே அதிகம். "இல்லை" என்ற பதில் வரும் என்று எதிர்பார்த்து ஒரு கேள்வியாவது கேட்டீர்களா என்று அவர்களிடம் விசாரியுங்கள்.

புதிர்கள் சில வாரங்களுக்குத்தான் தாங்கும். நீண்ட காலத்துக்கு உதவுவது கணிப்புக் குறிப்பேடு. இன்ன தேதிக்குள் இன்னது நடக்கும் என்று, பின்னால் வழவழ என்று மழுப்ப முடியாதபடி கேள்விகளை எழுதுங்கள். "விரைவில்", "கணிசமாக" போன்ற சொற்கள் வந்தால் கேள்வியைத் திருப்பி அனுப்புங்கள். உலகச் செய்திகளோடு சொந்தக் காரியங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "இந்த அறிக்கையை 30ஆம் தேதிக்குள் முடிப்பேனா?" என்ற கேள்வியில் நண்பர்கள் உங்களைவிடச் சரியாகக் கணிப்பதைப் பார்க்கப் போகிறீர்கள், சற்று வலிக்கும்.

மதிப்பெண்ணுக்கு, வானிலையாளர் க்ளென் பிரையர் 1950இல் முன்வைத்த முறை போதும். நடந்தால் 1, நடக்காவிட்டால் 0. நீங்கள் சொன்ன வாய்ப்புக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்துங்கள். 80 சதவீதம் என்று சொல்லி நடந்துவிட்டால் 0.04. நடக்காவிட்டால் 0.64. எண் சிறிதாக இருந்தால் நல்லது. எல்லாவற்றுக்கும் 50 சதவீதம் என்று சொல்லித் தப்பிப்பவருக்கு எப்போதும் 0.25தான் கிடைக்கும். அடித்துப் பேசியவருக்கு எவ்வளவு இழப்பு என்பதை இந்தக் கணக்கே காட்டிவிடும், நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

சண்டை விஷயத்துக்கு வருவோம். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1727இல் பிலடெல்பியாவில் நண்பர்களைச் சேர்த்து 'ஜன்டோ' என்ற விவாதக் குழுவைத் தொடங்கினார். அதில் ஒரு கட்டத்தில், கருத்தை அடித்துச் சொல்வதும் நேருக்கு நேர் மறுப்பதும் தடை செய்யப்பட்டன. மீறினால் சிறு அபராதம். அபராதம் உங்களுக்கு வேண்டாம் என்றால், எதிர்ப்பவர் முதலில் மற்றவரின் வாதத்தை அவரே "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொன்ன பிறகே மறுக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து இருவரிடமும் கேளுங்கள்: "எது தெரியவந்தால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள்?" இருவரும் ஒரே தகவலைச் சொன்னால் போய்த் தேடிப் பார்க்கலாம். எதுவுமே மாற்றாது என்று சொன்னால் அது விருப்பு வெறுப்பு சார்ந்தது. அன்றைக்கு அதை விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். முதல் சில மாதங்களுக்கு அரசியலையும் மதத்தையும் தொடாதீர்கள்.

வேண்டுமென்றே எதிர்வாதம் செய்ய ஒருவரை நியமிக்கும் வழக்கத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அது நடிப்பு என்று எல்லோருக்கும் தெரியும். உண்மையாகவே மாறுபடுகிறவரின் எதிர்ப்பு மற்றவர்களை அதிகம் யோசிக்க வைக்கிறது என்று உளவியலாளர் சார்லன் நெமத்தின் ஆய்வுகளும் சொல்கின்றன. சீட்டுகள் இருக்கும்போது உண்மையான மாறுபாடு தானாகவே வெளிவரும்.

யாராவது வேலை மாறுவது போன்ற முடிவோடு வந்தால், உளவியலாளர் கேரி க்ளைன் பரிந்துரைக்கும் வழியைக் கையாளுங்கள். ஓராண்டு கழிந்து அந்த முடிவு படுதோல்வி அடைந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று ஆளுக்கொரு காரணம் எழுதுங்கள். "தோற்குமா?" என்று கேட்டால் ஆறுதல் சொல்லும் அதே நண்பர், இப்படிக் கேட்டால் காரணங்களை அடுக்குவார். ஆனால் அவராகக் கேட்காதவரை யாருடைய சொந்த வாழ்க்கையையும் மேசைக்கு இழுக்காதீர்கள்.

நடைமுறை பற்றி: ஐந்து பேர் சரியான அளவு. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகாதீர்கள். வாரந்தோறும் கூடுவது பாரமாக இருந்தால் இரு வாரத்துக்கு ஒருமுறை போதும்.

மூன்று மாதம் கழித்துக் குறிப்பேட்டைத் திறந்து, 80 சதவீதம் என்று சொன்னவற்றில் உண்மையில் எத்தனை நடந்தன என்று எண்ணிப் பாருங்கள். பத்துக்கு ஐந்தோ ஆறோதான் என்றால் உங்கள் எல்லோருக்கும் மிதமிஞ்சிய உறுதி என்று பொருள்; அடுத்த மூன்று மாதத்தில் அது எட்டை நோக்கி நகர்கிறதா என்று பாருங்கள். குறிப்பேட்டைத் திறக்கவே யாருக்கும் ஆர்வமில்லை என்றால், உங்களுக்கு வேண்டியது நண்பர்களோடு அரட்டைதான். அதிலும் தப்பில்லை, சீட்டுகளை மட்டும் விட்டுவிடுங்கள்.