வால்வு பெருக்கியை நானோ விஎன்ஏ கொண்டு சோதிக்கலாமா?

கேள்வி: ரேடியோ டிரான்ஸ்மிட்டரின் சிக்னலைப் பெருக்கும் பழைய வால்வு லீனியர் பெருக்கி ஒன்று கிடைத்திருக்கிறது. வெளியீடு 500 வாட். என்னிடம் உள்ள கருவி சிறிய நானோ விஎன்ஏ (மிகச் சிறு சிக்னலை அனுப்பி, திரும்பி வருவதை அளப்பது) மட்டுமே. அதை வைத்துச் சோதிக்க முடியுமா?

பதில்: பாதியைச் சோதிக்கலாம். வெளியீட்டுப் பக்கத்தின் பை வலையமைப்பு (வால்வை ஆன்டெனாவுக்குப் பொருத்தும் சுற்று) வெறும் காயிலும் கண்டென்சர்களும்தான், 0.1 மில்லிவாட்டுக்கும் 500 வாட்டுக்கும் அது ஒரே மாதிரி நடந்துகொள்ளும். எனவே மின்சாரமே கொடுக்காமல், வால்வின் வேலையை ஒரு ரெசிஸ்டரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். அதன் பிறகும் ஃபில்டர் கண்டென்சர்களில் 2000, 3000 வோல்ட் தங்கியிருக்கலாம். சாதாரண மல்டிமீட்டர் அதைத் தாங்காது. உயர் மின்னழுத்த மீட்டரில் சுழியத்தைப் பார்த்த பிறகே, காப்பிட்ட கைப்பிடியுள்ள கம்பியால் ஆனோடு சோக்கின் (ஆனோடுக்கு உயர் மின்னழுத்தம் கொண்டுபோகும் காயில்) மின்வழங்கிப் பக்க முனையைச் சேஸிஸுடன் இணைத்து, அப்படியே விட்டுவையுங்கள். தயவுசெய்து இதில் அவசரம் வேண்டாம்.

ரெசிஸ்டரின் மதிப்பு: ஆனோடு வோல்ட்டை, முழுச் சுமையில் ஓடும் ஆனோடு மின்னோட்டத்தின் ஒன்றரை மடங்கால் வகுங்கள். 2400 வோல்ட், 0.4 ஆம்பியர் என்றால் 4000 ஓம். 1000 ஓம் கார்பன் ரெசிஸ்டர்கள் நான்கைத் தொடராக, கால்களைக் குட்டையாக நறுக்கி, ஆனோடுக்கும் சேஸிஸுக்கும் இடையே பற்றவையுங்கள். கம்பி சுற்றியவை கூடாது, அவையே காயில்கள். வால்வு சாக்கெட்டிலேயே இருக்கட்டும். அதன் கொள்ளளவும் கணக்கில் சேர வேண்டும்.

பலர் தடுமாறும் இடம் ஆன்டெனா இணைப்பை மாற்றும் ரிலே. மின்சாரம் இல்லாதபோது அது ஆன்டெனா சாக்கெட்டை நேரே உள்ளீட்டுடன் இணைத்துவிடும். நீங்கள் பார்ப்பது பை வலையமைப்பையே அல்ல. விஎன்ஏவை வலையமைப்பின் வெளிமுனையிலேயே இணையுங்கள்.

இப்போது டியூன், லோடு குமிழ்களை மெல்லத் திருப்பினால் திரையில் எஸ்டபிள்யூஆர் (பொருத்தத்தின் அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) கோடு பள்ளமாக இறங்கும். 1.5-க்குக் கீழே வந்தால் நல்லது. ஏதோ ஒரு பேண்டில் (அதிர்வெண் பட்டையில்) மட்டும் இறங்க மறுத்தால், நான் முதலில் சந்தேகிப்பது பேண்ட் சுவிட்சின் கருகிய தொடுமுனையை.

கிரிட் தரையிட்ட (கிரிட்டைச் சேஸிஸுடன் இணைத்து, கேதோடில் சிக்னல் கொடுக்கும்) பெருக்கியின் உள்ளீட்டை மட்டும் இப்படி அளந்து கலங்காதீர்கள். வால்வு மின்னோட்டம் கடத்தும்போதுதான் அந்த மின்மறுப்பே உருவாகிறது.

மூடியைப் பூட்டும் முன் ரெசிஸ்டர்களையும் சேஸிஸுடன் இணைத்த கம்பியையும் கழற்றி, எண்ணி மேசையில் வையுங்கள். முழுத் திறன் சோதனைக்கு விஎன்ஏ வேண்டாம். டம்மி லோடும் (ஆன்டெனாவுக்குப் பதில் திறனை வெப்பமாக்கும் ரெசிஸ்டர்) சாம்ப்ளரும் (சிக்னலில் சிறு பங்கை மட்டும் பிரித்துத் தருவது) ஸ்பெக்ட்ரம் அனலைசரும் (சிக்னலை அதிர்வெண் வாரியாகக் காட்டும் கருவி) வேண்டும். 500 வாட்டை 40 டெசிபெல் குறைத்தாலும் 50 மில்லிவாட் மிஞ்சும். 60 டெசிபெல் குறைத்தால் 0.5 மில்லிவாட், கருவி பிழைக்கும்.