அறுகம் குடாவுக்கு ஏஜெண்ட் எதற்கு?

கேள்வி: நானும் நண்பனும் டிசம்பர் கடைசி வாரம் இலங்கையின் அறுகம் குடாவுக்குப் போக நினைக்கிறோம். கையில் பணம் குறைவு. கோவையில் ஒரு ஏஜெண்ட், விமான நிலையத்திலிருந்து கார், ஐந்து இரவு தங்கல், சர்ஃபிங் பயிற்சி எல்லாம் சேர்த்து பேக்கேஜ் தருகிறார். முழுப் பணத்தையும் இந்த வாரமே கட்டினால்தான் இந்த விலை என்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். விலை இருக்கட்டும், மாதமே தப்பு.

அறுகம் குடா இலங்கையின் கிழக்குக் கரையில், பொத்துவிலுக்கு அருகே இருக்கிறது. நமக்கு மழை கொட்டும் அதே வடகிழக்குப் பருவமழைதான் அங்கேயும். நவம்பர் முதல் ஜனவரி வரை கடல் கொந்தளிப்பாகவும் கலங்கலாகவும் இருக்கும், விடுதிகளும் சாப்பாட்டுக் கடைகளும் பாதிக்கு மேல் மூடிக் கிடக்கும். அலைச் சறுக்குக்கு ஆள் வருவதெல்லாம் மே முதல் செப்டம்பர் வரை. டிசம்பரில் 'சர்ஃபிங் பயிற்சி' விற்கிறவருக்கு ஒன்று ஊர் தெரியாது, அல்லது நன்றாகவே தெரியும். இரண்டாவதுதான் எனக்குப் படுகிறது. சும்மா கிடக்கும் அறையை அடிமாட்டு விலைக்கு எடுத்து, சீசன் விலைக்குத் தள்ளிவிடுவது இந்தத் தொழிலில் பழைய வேலை.

டிசம்பரில்தான் லீவு என்றால் தெற்குக் கரைக்குப் போங்கள். வெலிகம குடாவில் தரை மணல், அலையும் முதல்முறை பழகுகிறவர்களுக்கு ஏற்றது, சீசனும் அப்போதுதான். கொழும்பு கோட்டையிலிருந்து மாத்தறை போகும் ரயிலில் மூன்றாம் வகுப்புச் சீட்டு எடுத்தால் கடலைப் பார்த்துக்கொண்டே போய் வழியில் வெலிகமவில் இறங்கலாம். அதற்கு முன்பதிவு தேவையில்லை, கவுன்டரிலேயே தருவார்கள். "ரயில் சீட்டு வாங்கித் தருகிறேன்" என்று வருகிறவரிடம் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். 'எல்ல' என்ற ஊர்ப் பக்கம் போகும் மலை ரயிலில் முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் சீட்டெல்லாம் தீர்ந்து, அப்புறம் அதே சீட்டுகள் தரகர்கள் கையில் பல மடங்கு விலைக்குக் கிடைத்த கதை அந்த நாட்டில் ஊர் சிரித்த விஷயம். ரயில்வே அதை இன்னும் கொஞ்சம் சீக்கிரமே கவனித்திருக்கலாம்.

சரி, அறுகம் குடாதான் வேண்டும், ஜூன் வரை பொறுக்கிறோம் என்றால் கேளுங்கள். அந்த ஊருக்குப் போகத் தமிழ் பேசுகிற ஒருவருக்கு ஏஜெண்டே தேவையில்லை. பொத்துவில் தமிழ் பேசும் ஊர், பெரும்பாலும் முஸ்லிம்கள். வயதில் மூத்தவரை 'நானா' (அண்ணன்) என்று கூப்பிட்டு வழி கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிப்போகாத குறையாகச் சொல்வார்கள். ஜெர்மனியிலிருந்து வருகிறவர் தரகருக்குக் காசு கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. கோவைக்காரர் ஏன் கொடுக்க வேண்டும்?

விமான நிலையத்திலிருந்து கொழும்பு புறக்கோட்டைக்கு 187ஆம் எண் பஸ். வாசலில் நிற்கும் டாக்ஸிக்காரர்கள் "இன்று பஸ் இல்லை" என்பார்கள், காதில் வாங்காதீர்கள். புறக்கோட்டையிலிருந்து பொத்துவிலுக்கு இரவு பஸ் உண்டு. 300 கிலோமீட்டருக்கு மேல் வரும், ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். பெயர்ப் பலகையில் தமிழும் இருக்கும். இல்லாவிட்டால் ரயிலில் மட்டக்களப்பு, அங்கிருந்து கல்முனை, அக்கரைப்பற்று வழியாக பஸ். பொத்துவிலில் இறங்கினால் அறுகம் குடா மூன்று நான்கு கிலோமீட்டர்தான். ஆட்டோவில் ஏறுமுன் விலை பேசுங்கள். "நீங்கள் சொல்லும் விடுதியை மூடிவிட்டார்கள், நான் வேறு இடம் காட்டுகிறேன்" என்று ஓட்டுநர் ஆரம்பித்தால் அது கமிஷன். விடுதிக்கு நீங்களே போன் போடுங்கள்.

முன்பணம் பற்றித்தான் உங்கள் கவலை. என் பதில், முன்பணம் வேண்டாம். போய் இறங்கி, இரண்டு மூன்று அறைகளைப் பார்த்து, மின்விசிறி சுற்றுகிறதா, கொசுவலையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துப் பேரம் பேசுங்கள். இதற்கு ஒரே ஒரு விலக்கு ஜூலை, ஆகஸ்ட். அப்போது ஐரோப்பாவில் விடுமுறை, அலையும் உச்சத்தில் இருக்கும், மலிவு அறைகள்தான் முதலில் நிரம்பும். அந்த இரண்டு மாதங்களில் மட்டும் முன்கூட்டியே பிடியுங்கள். அப்போதும் எல்லா இரவுகளுக்கும் வேண்டாம், முதல் இரண்டு இரவுக்குப் போதும். இரவு பஸ் விடியுமுன் கொண்டுபோய் இறக்கிவிடும், அந்த நேரத்தில் தெருவில் நிற்காமல் இருக்கத்தான் இது. அதையும் ஏஜெண்ட் மூலம் செய்யாதீர்கள். 'இலவச ரத்து, நேரில் பணம்' என்று தெளிவாகப் போட்டிருக்கும் தளத்தில் பிடியுங்கள், அல்லது விடுதிக்காரருக்கே வாட்ஸப் செய்யுங்கள். அறைக்கு மொத்தம் எவ்வளவு, வரி சேர்த்தா, ஆளுக்கா அறைக்கா, விடிகாலையில் வந்தால் கதவு திறப்பார்களா என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். மூன்றாவது இரவிலிருந்து உங்கள் இஷ்டம். பிடித்திருந்தால் அங்கேயே இருங்கள், இல்லாவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போங்கள்.

ஏஜெண்டிடம் பேக்கேஜ் வாங்கியே தீருவேன் என்றால் ஒன்று கேளுங்கள். வெளிநாட்டுச் சுற்றுலாப் பேக்கேஜ் விற்பவர் டிசிஎஸ் வரியைப் பிடித்து உங்கள் பான் எண்ணில் அரசுக்குக் கட்ட வேண்டும். அது உங்கள் வருமான வரிக் கணக்கில் தெரியும், வரவும் வைத்துக்கொள்ளலாம். "பில் வேண்டாம் சார், குறைத்துத் தருகிறேன்" என்பவரிடம் நாளை பணத்தைத் திருப்பிக் கேட்க உங்கள் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. பில்லில் 'வரி' என்று எழுதிவிட்டு அரசுக்குக் கட்டாதவர்களும் உண்டு. அதைப் பிடிக்க வேண்டியவர்கள் எப்போது பிடிப்பார்கள் என்று கேட்காதீர்கள், எனக்குக் கோபம் வரும்.

இலங்கைக்கான பயண அனுமதியிலும் இதே வியாபாரம்தான். தேடினால் முதலில் வருவது அரசுத் தளம்போல் வேடமிட்ட தனியார் தளங்கள், விண்ணப்பத்தை நிரப்பித் தர மேலே காசு வாங்குவார்கள். முகவரி ஜிஓவி டாட் எல்கே என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். கட்டணமும் விதியும் அடிக்கடி மாறுவதால் போன வருஷம் போய்வந்த நண்பர் சொல்வதை நம்பாதீர்கள்.

யுபிஐ இலங்கையில் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. ஆனாலும் அதை நம்பிப் போகாதீர்கள், பொத்துவில் டீக்கடையில் இலங்கை ரூபாய் நோட்டுதான் கைகொடுக்கும்.

கடலைப் பற்றி ஒரு விஷயம். 'மெயின் பாயின்ட்' என்று பேர்பெற்ற இடத்தில் அடியில் பாறையும் பவளமும். முதல்முறை பலகையில் ஏறுகிறவரை அங்கே கூட்டிப்போகும் கடற்கரைப் பயிற்சியாளர் உங்கள் காலைப் பற்றிக் கவலைப்படாதவர். 'பேபி பாயின்ட்' என்று கேளுங்கள், அல்லது ஆட்டோவில் நாலு பேர் சேர்ந்து 'விஸ்கி பாயின்ட்' போங்கள். பலகையை வாடகைக்கு எடுக்குமுன் இரண்டு பக்கமும், அடியில் இருக்கும் துடுப்பும், விளிம்பும் தெரிய, கடைக்காரர் முன்னாலேயே போனில் படம் எடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது பழைய கீறலுக்கெல்லாம் உங்களிடம் காசு கேட்பது அங்கே புதிதல்ல.