காதுக்குள் வண்டு, எதிரே வெண்கலக் கிண்ணம்

கேள்வி: எனக்கு 47 வயது. வீடு செல்லூரில். வீட்டை ஒட்டிய கொட்டகையில் நான்கு விசைத்தறி ஓடுகிறது. இருபது வருடமாக நானும் அங்கேதான் வேலை செய்கிறேன். ஒரு வருடமாகத் தூக்கம் சரியில்லை. படுத்தால் இரண்டு காதிலும் வண்டு குடைகிற மாதிரி ஒரு இரைச்சல். பிபி மாத்திரையும் சாப்பிடுகிறேன். போன மாதம் மகள் என்னை ஒரு சவுண்ட் ஹீலிங் வகுப்புக்குக் கூட்டிப் போனாள். பாயில் படுக்கவைத்து, வெண்கலக் கிண்ணங்களைத் தட்டி ஒரு மணி நேரம் ஒலி எழுப்பினார்கள். அங்கேயே தூங்கிவிட்டேன். பன்னிரண்டு வகுப்புக்கு 15,000 ரூபாய் கட்டினால் பிபி மாத்திரையையே நிறுத்திவிடலாம், சம்பந்தர் பாடித்தானே பாண்டியனின் வெப்பு நோய் தீர்ந்தது என்கிறார் நடத்துகிறவர். வீட்டுக்காரரோ, "படுத்துத் தூங்குறதுக்கு எதுக்குக் காசு?" என்கிறார். போகலாமா?
- வாசகி, மதுரை

பதில்: அன்புச் சகோதரிக்கு,

ஒரு வருடமாகத் தூக்கத்துக்கு ஏங்கியவர் ஒரு மணி நேரம் அசந்து தூங்கினீர்களே, அதுவே எனக்குச் சந்தோஷம். அது உண்மையான தூக்கம்தான். வீட்டுக்காரரிடமும் அப்படியே சொல்லுங்கள்.

அது எப்படி வந்தது? வீட்டுப் பரணில் பழைய வெண்கலக் கும்பா கிடந்தால் எடுங்கள். மடித்த துணிமேல் வைத்து, விளிம்பில் மரக்கரண்டியால் ஒரே ஒரு தட்டு. கணீரென்று எழும் ஒலி உடனே நிற்காது. கூடிக் குறைந்து, கூடிக் குறைந்து, அலை மாதிரி போய்க்கொண்டே இருக்கும். விளிம்பு முழுக்க ஒரே கனமாக இருப்பதில்லை. அதனால் கிட்டத்தட்ட ஒரே சுருதியில் இரண்டு ஒலிகள் சேர்ந்து பிறக்கின்றன. அவை ஒரு கணம் கூடி, மறுகணம் ஒன்றையொன்று அமுக்குவதுதான் அந்த அலை. அது எப்போது அடங்குகிறது என்று காது பின்னாலேயே போகும். போகப் போக மூச்சும் தானாக நிதானப்படும். வகுப்பில் உங்களுக்கு நடந்தது இதுதான். ஏழு உலோகம் சேர்ந்தது என்று கிண்ணத்தைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். சோதித்துப் பார்த்த கிண்ணங்களில் பெரும்பாலும் இருந்தது செம்பும் வெள்ளீயமும், அதாவது நம் வெண்கலம்.

அதோடு, அந்த ஒரு மணி நேரம் போன் இல்லை, "அம்மா" என்று யாரும் கூப்பிடவில்லை, தறியும் ஓடவில்லை. இருபது வருடத்தில் அப்படி ஒரு மணி நேரம் உங்களுக்கு எத்தனை முறை கிடைத்திருக்கும்?

அமெரிக்காவில் 62 பேரை இப்படிப் படுக்கவைத்துக் கிண்ண ஒலி கேட்கச் செய்து, முன்னும் பின்னும் விசாரித்து ஒரு ஆய்வு செய்தார்கள். இறுக்கம், கோபம், சோர்வு எல்லாம் குறைந்தது என்றுதான் முடிவு வந்தது. ஆனால் ஒலியே இல்லாமல் சும்மா படுத்திருந்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அதனால் பலன் கிண்ணத்தாலா, படுக்கையாலா என்று அதை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. மனசு லேசாகும் என்கிற அளவுக்கு நானும் நம்புகிறேன்.

மாத்திரை விஷயம் வேறு. தயவுசெய்து நிறுத்தாதீர்கள். நிம்மதியாகப் படுத்திருக்கும்போது யாருக்கும் பிபி கொஞ்சம் இறங்கும். எழுந்து வேலைக்குப் போனதும் பழையபடி ஏறிவிடும். சில மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் முன்பைவிட எகிறும். பக்கவாதம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அளவைக் குறைப்பதா வேண்டாமா என்பதை உங்கள் டாக்டர் மட்டுமே முடிவு செய்யட்டும். சம்பந்தரின் திருநீற்றுப் பதிகத்தை நானும் உருகிப் பாடுகிறவள்தான். அது நம் பக்தி. அதைக் காட்டி மாத்திரையை விடச் சொல்கிறவரிடம் 15,000 ரூபாயை மொத்தமாகக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது காது இரைச்சல்தான். 85 டெசிபல் சத்தத்தில் நாளுக்கு 8 மணி நேரம் என்பதே காதுக்கு எல்லை. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் தாங்கும் நேரம் பாதியாகிறது. கருவி வேண்டாம், கை எட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்தச் சத்தம் எல்லையைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். நாடா அடிக்கிற கொட்டகையில் நீங்கள் எப்படிப் பேசிக்கொள்கிறீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். உட்காதில் இருக்கும் நுண்ணிய மயிர்ச்செல்கள் செத்தால் திரும்ப முளைப்பதில்லை. வெளியிலிருந்து வரவேண்டிய ஒலி குறையும்போது, மூளை தானாக ஒரு இரைச்சலை உண்டாக்கிக்கொள்கிறது. உங்களுக்கு அதுதானா என்பதைச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

கோரிப்பாளையம் பெரிய ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம்தான். காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போய், கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். சில சமயம் வெறும் குறும்பியாகக்கூட இருக்கும். இரைச்சல் ஒரு காதில் மட்டும் என்று மாறினாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தாலோ அதையும் சொல்லுங்கள். திடீரென்று ஒரு காது மந்தமானால் அன்றைக்கே ஓட வேண்டும்; நாள் கடந்தால் மீட்பது கஷ்டம். மாதவிலக்கு நிற்கிற வயது என்பதால் இரவில் உடம்பு காந்துகிறதா, வியர்க்கிறதா என்பதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். தூக்கம் கெட அதுவும் ஒரு காரணம்.

தறி ஓடும்போது காதடைப்பான் போடுங்கள். வெறும் பஞ்சு போதாது.

சரி, இரவுக்கு என்ன செய்வது? அறை நிசப்தமாக இருந்தால் வண்டுச் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். அதனால் மெல்லிய ஒலி ஒன்று கூட இருக்கட்டும். என் அம்மா கடைசிக் காலத்தில் தூக்கம் வராமல் தவித்தபோது, போனில் தம்புரா சுருதியை மிகத் தாழ்வாக வைத்து, போனைத் தலைமாட்டில் வைக்காமல் கால்மாட்டில் வைப்பேன். பத்து நிமிடத்தில் விரல்கள் போர்வையை விட்டுவிடும். படுக்கும் முன் பிராமரியும் செய்யலாம்: வாயை மூடி, மூச்சை விடும்போது நீளமாக 'ம்ம்ம்' என்று ஐந்தாறு தடவை. வழக்கமாகக் காதைப் பொத்திக்கொண்டு செய்யச் சொல்வார்கள். நீங்கள் பொத்த வேண்டாம், இரைச்சல் கூடுதலாகக் கேட்கும்.

வகுப்பு பிடித்திருந்தால், காதைக் காட்டிவிட்டு வந்தபின், ஒரு தடவைக்கு மட்டும் பணம் கொடுத்துப் போங்கள். காதருகில் கிண்ணத்தைத் தட்ட வேண்டாம், தொங்கவிட்டு அடிக்கிற பெரிய வெண்கலத் தட்டு (காங்) இருந்தால் அதற்குப் பக்கத்தில் படுக்க முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், காதுப் பரிசோதனைக்குப் போகும்போது வீட்டுக்காரரையும் கூட்டிப் போங்கள். அவரும் அதே கொட்டகையில்தானே நிற்கிறார்?