முட்டி வலிக்கு வாசனை எண்ணெய்: எத்தனை சொட்டு?

கேள்வி: என் மாமியாருக்கு 62 வயது. சர்க்கரையோடு முட்டி வலியும் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் லாவெண்டர், யூகலிப்டஸ் எண்ணெய்ப் புட்டிகள் கொடுத்து, "அப்படியே தேய்க்கலாம், வெந்நீரில் விட்டுக் குடிக்கலாம், மாத்திரையே வேண்டாம்" என்கிறார். செய்யலாமா? ஒகேனக்கல் மசாஜுக்கும் கூட்டிப்போக ஆசை.
- வாசகி, பாலக்கோடு

பதில்: சகோதரி, குடிக்கக் கொடுக்காதீர்கள். மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். இந்த இரண்டும் முடிவானால் மற்றதை நிதானமாகப் பேசலாம்.

இது செக்கில் ஆட்டிய எண்ணெய் மாதிரி இல்லை. இலையையும் பூவையும் நீராவியில் வடித்து எடுத்த சாரம். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு 3 டன்னுக்கு மேல் இதழ் வேண்டும் என்றால் எவ்வளவு வீரியம் என்று பாருங்கள். (நூறு ரூபாய்க்கு 'அசல் ரோஜா எண்ணெய்' என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். ஓசூர்ப் பக்கம் பூ விலை தெரிந்தவர்களுக்கு இது புரியும்.) அதை அப்படியே தோலில் வைத்தால் எரியும், தடிக்கும். யூகலிப்டஸ் எண்ணெயைச் சின்னப் பிள்ளை ஒரு டீஸ்பூன் குடித்தால்கூட வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தால் புட்டிகளைப் பூட்டி வையுங்கள்.

100 மில்லி நல்லெண்ணெய்க்கு இரண்டும் சேர்த்து 20 சொட்டு போதும். முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள். அரிப்பு இல்லையென்றால், ராத்திரி படுக்கும் முன் முட்டியைச் சுற்றியும் தொடைத் தசையிலும் பத்து நிமிடம் மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். லாவெண்டர் வாசனையில் பலருக்கு மனம் அமைதியாகித் தூக்கம் வருகிறது. தேய்ந்த மூட்டை எந்த எண்ணெயும் சரிசெய்யாது. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் பொறுமையாகத் தேய்த்துவிடுவதே வலியில் இருப்பவருக்குப் பெரிய ஆறுதல். பாதி சுகம் உங்கள் கையில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

சர்க்கரை இருப்பவர்களுக்குப் பாதம் மரத்திருக்கலாம், சூடு தெரியாது. எண்ணெயைக் காய்ச்சாமலே தடவுங்கள். புண் இருந்தால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். அதைத் தேய்க்காமல் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம் ஒகேனக்கல். தாராளமாகப் போய் வாருங்கள். அங்கே நன்றாக அழுத்தித் தட்டித் தேய்ப்பார்கள், அதனால் சர்க்கரையையும் முட்டியையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காலை மடக்கி இழுக்கவோ கழுத்தைச் சொடுக்கவோ விடாதீர்கள். எண்ணெய்க் காலோடு பாறையில் நடக்கும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தப் புட்டிகள் வீட்டிலேயே இருக்கட்டும், அங்கே தேய்க்கிற எண்ணெயே போதும்.